ஜெயிலிலிருந்து வந்தவளுக்கு வீடு கிடைக்குமா?

ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், அது லேசுப்பட்ட காரியம் இல்லை. உத்திர வீதி, சித்திரை வீதி என்றால் கோயிலுக்குப் பக்கம். அடையவளஞ்சான் வீதி கொஞ்சம் தள்ளி. எந்த வீதியானாலும் 'டு-லெட்' போர்டைப் பார்த்துக் கதவைத் தட்டினால் கேள்விகள் மட்டும் ஒன்றுதான். "எத்தனை பேரு? அவர் எங்கே வேலை பார்க்கிறார்? சைவமா? சொந்த ஊர் எது? இதுக்கு முன்னே எங்கே குடியிருந்தீங்க, ஏன் காலி பண்றீங்க?" பாங்க் உத்தியோகம், புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் என்றால் பரீட்சையில் பாஸ். கைக்குழந்தை இருந்தால்கூட முகம் சுளிக்கிற வீட்டுக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, "இதுக்கு முன்னே எங்கே குடியிருந்தீங்க?" என்ற கேள்விக்கு, "காந்தி மார்க்கெட் பக்கம், பெண்கள் ஜெயில்ல" என்று பதில் சொல்ல வேண்டிய ஒரு பெண்ணைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

திருச்சியில் மத்திய சிறை புதுக்கோட்டை ரோட்டில் இருக்கிறது. ஏரோட்ரோம் போகிற வழியில் பஸ்ஸிலிருந்தே எல்லோரும் பார்த்திருப்போம். பெண்களுக்கென்று ஒரு தனிச் சிறை காந்தி மார்க்கெட் பகுதியில் இருப்பது நிறையப் பேருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் பெண்களுக்கான தனிச் சிறைகள் ஐந்து: சென்னை புழல், வேலூர், திருச்சி, கோயம்புத்தூர், மதுரை. கூடையைத் தூக்கிக்கொண்டு கத்திரிக்காய் வாங்கப் போகிற நமக்கு, அந்த மதிலுக்குப் பின்னால் நம்மைப் போலவே குடும்பம் நடத்திய பெண்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பே வருவதில்லை.

மத்திய அரசு வெளியிடும் சிறைப் புள்ளிவிவரப்படி 2022 டிசம்பர் 31 அன்று நாடு முழுவதும் சிறையில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் பெண்கள் 23,772. குழந்தையையும் உடன் வைத்துக்கொண்டு உள்ளே இருந்த தாய்மார்கள் 1,537 பேர், குழந்தைகள் 1,764. இன்னொரு விஷயமும் அதில் இருக்கிறது. மொத்தப் பேரில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றம் செய்தார்களா இல்லையா என்று கோர்ட் இன்னும் சொல்லவில்லை. நாளைக்கே நிரபராதி என்று தீர்ப்பு வரலாம். ஆனால் வீட்டுக்காரர்கள் தீர்ப்பைப் படித்துப் பார்த்தா வீடு தருகிறார்கள்? 'ஜெயிலுக்குப் போனவள்' என்றால் போனவள்தான்.

இதையெல்லாம் நான் யோசிக்க ஆரம்பித்தது எங்கள் தெருவுக்குப் பூ கொண்டு வருகிற அம்மாவின் தங்கையால். அவள் பேர் வேண்டாம். லால்குடி தாண்டி ஒரு கிராமம். வரப்புத் தகராறு முற்றிக் கைகலப்பாகி, கொழுந்தன் அடிபட்டு இறந்துபோனார். வழக்கில் இவளும் சேர்ந்துவிட்டாள். ஏழு வருஷத் தண்டனை. நன்னடத்தைக்காகக் கழித்துவிடும் நாட்கள் போக ஐந்தரை வருஷம் உள்ளே இருந்தாள். புருஷன் வழக்கு நடக்கும்போதே ஒதுங்கிவிட்டான், இப்போது வேறு குடும்பம்.

உள்ளே போகும்போது மகளுக்கு நாலு வயது. குழந்தையும் தாயோடு ஜெயிலுக்குள் போயிற்று. ஆறு வயது வரைக்கும் குழந்தை தாயுடன் சிறையில் இருக்கலாம். அதற்குமேல் உறவினரிடமோ, காப்பகத்திலோ விட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2006 ஏப்ரலில் ஆர்.டி. உபாத்யாய் என்பவர் தொடுத்த வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அப்படிப் பிரிக்கும்போது முடிந்தவரை அதே ஊரில் வைத்து, குழந்தை வாரம் ஒரு முறையாவது தாயைப் பார்க்க வழி செய்ய வேண்டும் என்றும் சொன்னது. நல்ல தீர்ப்பு. உறவினர் யாரும் முன்வராததால் ஆறு வயது முடிந்ததும் அந்தப் பெண் குழந்தை காப்பகத்துக்குப் போய்விட்டது.

தாய் வெளியே வந்தாள். காப்பகத்துக்கு ஓடினாள். "குழந்தையை உடனே கூட்டிக்கிட்டுப் போக முடியாதும்மா. குழந்தைகள் நலக் குழு உத்தரவு போடணும். அதுக்கு முன்னே உங்க வீட்டை வந்து பார்ப்பாங்க" என்றார்கள்.

"எந்த வீட்டை?" என்று என் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டாள் அவள்.

அந்த விதியில் தப்பு ஒன்றும் இல்லை. 2015-ல் வந்த சிறார் நீதிச் சட்டப்படி, குழந்தையை யாரிடம் ஒப்படைத்தாலும், அது பெற்ற தாயே ஆனாலும், போகிற இடம் பத்திரமானதா என்று விசாரிப்பார்கள். எங்கே தூங்கும், எந்தப் பள்ளிக்கூடம், தாய் வேலைக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால் வீடு இருந்தால்தான் குழந்தை என்றால், 'வீடு தர மாட்டேன்' என்கிற ஒவ்வொரு வீட்டுக்காரரும் அந்தக் குழந்தையையும் சேர்த்தே மறுக்கிறார்.

வேலை கிடைத்துவிட்டது. அதுதான் கிடைக்காது என்று நாம் நினைப்போம். சிறையில் கற்றுக்கொண்ட தையல் கை கொடுத்தது. பெரிய கடை வீதியில் ஜாக்கெட் தைக்கும் இடத்தில் சேர்ந்தாள். எல்லாம் சொல்லித்தான் சேர்ந்தாள். முதலாளி, "தையல் நேரா வருதா பார்ப்போம்" என்றாராம், அவ்வளவுதான். மெஷினுக்கு முன்னால் உட்காருகிறவளுக்கு எட்டு மணி நேரம்தான் இடம் தர வேண்டும். வீட்டில் ராத்திரியும் இடம் தர வேண்டியிருக்கிறதே!

அக்காள் வீட்டில் ஏன் இருக்கக் கூடாது என்று கேட்பீர்கள். ஒரு ரூமும் ஒரு தாழ்வாரமும் உள்ள வீடு. அங்கே ஐந்து பேர். அதோடு, அக்காளின் பெரிய பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். தங்கை வந்த இரண்டாம் வாரமே விஷயம் தரகர் காதுக்குப் போய்விட்டது. "அக்கா, நான் அவளைப் போகச் சொல்லலை. ஆனா என் பொண்ணு முகத்தைப் பார்த்தா அவளே கிளம்பிடுவா போல இருக்கு" என்று பூக்காரம்மா அழுதாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

துணைக்கு ஒரு ஆள் இருந்தால் மரியாதையாகப் பேசுவார்களே என்று என்னைக் கூப்பிட்டார்கள். "இதையெல்லாம் நீ ஏன் தலையில் போட்டுக்கறே?" என்று எங்கள் வீட்டில் கேள்வி. கேட்டுவிட்டு ஆட்டோவுக்குக் காசும் கொடுத்தார், அது வேறு விஷயம்.

ஏறி இறங்கிய படிகள்

முதல் வீடு அடையவளஞ்சான் வீதியில் பின்கட்டு. மாமி நல்ல மாதிரிதான், மோர் கொடுத்தார். "தனியா இருக்கிற பொம்மனாட்டிக்கு வீடு விடறதில்லைன்னு வெச்சிண்டிருக்கேன்மா. ராத்திரி ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?" ஜெயில் பேச்சு வரவே இல்லை. அதற்கு முன்பே கதவு சாத்திவிட்டது. இதைக் கவனியுங்கள். விதவை, புருஷனை விட்டு வந்தவள், கல்யாணமாகாமல் வேலைக்குப் போகிறவள் எல்லோருக்கும் உள்ள கஷ்டம்தான் முதலில் இவளுக்கும். ஜெயில் அதற்குமேல்.

திருவானைக்கோவிலில் இரண்டாவது. ஆதார் அட்டையைக் கேட்டார்கள். அதில் கிராமத்து விலாசம். வீட்டுக்காரருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு சம்பந்தி. ஒரே போன். மறுநாள் தரகர் வந்து, "அவங்க பெரிய பையனுக்கே அந்த இடம் வேணுமாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது இடத்தில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டார்கள். இதில் நமக்குத் தெரிய வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, குடியிருக்கும் வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஆனால் இரண்டு பேரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டு எழுதினால் வாங்கலாம் என்று ஒரு சந்து அதிலேயே இருக்கிறது. வேறு போக்கிடம் இல்லாதவள் எதற்கும் ஒப்புக்கொள்ளத்தானே செய்வாள்?

நாலாவது வீடு கிடைத்தது. ஒன்றும் சொல்லாமல் குடியேறினாள். பதினோரு நாள் இருந்தாள். பன்னிரண்டாம் நாள் தெருவில் யாரோ அடையாளம் கண்டுகொண்டார்கள். வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை. "நீ நல்ல பொண்ணுதான்மா. ஆனா என் மருமக பயப்படறா" என்று அட்வான்ஸை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டார்.

சொல்வதா, மறைப்பதா? எங்களுக்குள் ரொம்ப நேரம் இதே பேச்சு. வாடகைச் சட்டத்தில் பழைய தண்டனையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை. அதைக் காரணம் காட்டி வீடு மறுக்கக் கூடாது என்றும் இல்லை. சட்டம் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. போலீஸ் கேட்கும் படிவங்கள் இன்னொரு பக்கம். 2012-ல் சென்னையில் பாங்க் கொள்ளை வழக்கில் தேடப்பட்டவர்கள் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தது தெரிந்ததும், குடித்தனக்காரர் விவரங்களைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும் என்று அங்கே உத்தரவு போட்டார்கள். அதிலிருந்து எந்த ஊரிலும் வீட்டுக்காரர்களுக்குப் பயம்தான். அந்தப் பயத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். வீட்டில் வயசுப் பெண் இருக்கிறது, பீரோவில் நாலு நகை இருக்கிறது, பயப்படாமல் எப்படி இருப்பார்கள்?

ஆனால் என்ன குற்றம், எந்தச் சந்தர்ப்பத்தில், எத்தனை வருஷத்துக்கு முன், அதற்குப் பிறகு ஆள் எப்படி என்று ஒரு வார்த்தையாவது கேட்க வேண்டாமா? நாங்கள் போன வீடுகளில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

விலாசம் இல்லாவிட்டால்

வீடு என்பது தலைக்கு மேல் கூரை மட்டும் இல்லை, விலாசமும் அதுதான். சிறை சம்பந்தப்பட்ட ஒவ்வொரு காரியத்திலும் விலாசம் வந்து நிற்கிறது.

ஜாமீனை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாமீன் கையெழுத்துப் போட வருகிறவர் ரேஷன் கார்டும் வீட்டு வரி ரசீதும் கொண்டுவர வேண்டும் என்பார்கள். 1978-ல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதிராம் என்ற கொத்தனார் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஏழைக் கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். அவர் தம்பி முன்வந்தபோது, சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது, செல்லாது என்றார்கள். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதைக் கடுமையாகக் கண்டித்தார். அப்படியும் ஏழைகளுக்கு இந்தக் கஷ்டம் தீரவில்லை. 2023-ல் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கு என்றே ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் அதில் உதவி என்று அப்போது வைத்தார்கள்.

தண்டனைக் கைதி சில நாள் லீவில் வீட்டுக்கு வருவது உண்டு. பரோல் என்று சொல்கிறோமே, அது. அதற்கும், முன்கூட்டியே விடுதலை செய்வதற்கும் நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை கொடுப்பார். குடும்பம் ஏற்றுக்கொள்ளுமா, அக்கம்பக்கம் என்ன சொல்கிறது, எங்கே தங்குவார் என்று எழுத வேண்டும். ஏற்றுக்கொள்ள ஆள் இல்லாதவளுக்கு அந்த அறிக்கையில் என்ன எழுதுவது?

நளினியின் பெயரை எல்லோரும் கேட்டிருப்போம். 2019-ல் மகள் கல்யாண ஏற்பாட்டுக்காக ஆறு மாத லீவு வேண்டும் என்று அவரே சென்னை ஹைகோர்ட்டில் நின்று வாதாடினார். ஒரு மாதம் கிடைத்தது, பிறகு கொஞ்சம் நீடித்தது. அந்த நாட்களில் வேலூர் சத்துவாச்சாரியில் தெரிந்தவர் ஒருவர் வீட்டில்தான் தங்கினார். நாடு முழுக்கப் பெயர் தெரிந்த கைதிக்கே, வெளியே வர வேண்டும் என்றால் யாராவது ஒருவர் 'என் வீட்டில் இருக்கட்டும்' என்று சொல்ல வேண்டியிருந்தது.

அதே வழக்கில் நம் திருச்சி சம்பந்தப்பட்ட ஒரு சங்கதி உண்டு. அரசியலுக்கும் அந்த வழக்கின் நியாய அநியாயத்துக்கும் நான் போகவில்லை. வீடு என்கிற ஒரே விஷயத்துக்காகச் சொல்கிறேன். 2022 மே 18 அன்று பேரறிவாளன் விடுதலை ஆனார். ஜோலார்பேட்டையில் தாயார் அற்புதம் அம்மாள் இருந்தார், பிள்ளை வீட்டுக்குப் போனார். அந்த வருஷம் நவம்பர் 11-ல் மீதி ஆறு பேரையும் விடுதலை செய்யச் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. மறுநாள் சிறையை விட்டு வந்தார்கள். அவர்களில் முருகன், சாந்தன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் நால்வரும் இலங்கைக்காரர்கள். இந்த ஊரில் அவர்களுக்கு வீடு கிடையாது, போக பாஸ்போர்ட்டும் இல்லை. வேலூரிலிருந்தும் புழலிலிருந்தும் நேரே திருச்சிக்குக் கொண்டுவந்து, மத்திய சிறை வளாகத்தில் உள்ள சிறப்பு முகாமில் வைத்தார்கள். பெயர் முகாம். மதில் பழைய மதில்தான். விடுதலையான நளினி கணவரைப் பார்க்கத் திருச்சிக்கு வந்து, பார்வையாளராக உள்ளே போய்விட்டுத் திரும்பினார்.

ஒன்றே கால் வருஷத்துக்கு மேல் ஓடியது. சாந்தனுக்கு உடம்புக்கு முடியாமல் சென்னை ராஜீவ் காந்தி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊருக்குப் போக அனுமதி வந்துவிட்டது, தாயார் அங்கே காத்திருந்தார். 2024 பிப்ரவரி 28 அன்று ஆஸ்பத்திரியிலேயே காலமானார். உடல்தான் ஊருக்குப் போயிற்று. மற்ற மூவரும் ஏப்ரல் 3-ல் கொழும்புக்கு விமானம் ஏறினார்கள்.

என்னென்ன உதவி இருக்கிறது?

இல்லை என்று சொல்வதற்கில்லை. தமிழ்நாட்டில் விடுதலை பெற்ற சிறைவாசிகள் நலனுக்கென்றே ஒரு உதவிச் சங்கம் உண்டு. தொழில் தொடங்க உதவித்தொகை, தையல் மெஷின் மாதிரி ஏதாவது கிடைக்கும். சிறைத் துறையே நடத்தும் பெட்ரோல் பங்குகள், 'சிறை அங்காடி' என்ற பெயரில் ரொட்டி, துணி விற்கும் கடைகள் எல்லாம் வேலைக்கு வழி. நீதிபதி முல்லா தலைமையில் 1980 முதல் 1983 வரை சிறைகளை ஆராய்ந்த குழு, வெளியே வந்தவரைக் கவனிப்பதும் சிறைத் துறையின் வேலையோடு சேர்ந்ததுதான் என்று சொல்லியிருக்கிறது. பெண் கைதிகளைப் பற்றி மட்டும் கிருஷ்ணய்யர் தலைமையில் ஒரு குழு 1987-ல் அறிக்கை கொடுத்தது.

தங்க இடம் என்று பார்த்தால், 2001-ல் மத்திய அரசு 'ஸ்வாதார்' என்ற திட்டம் தொடங்கியது. யார் யாருக்கு என்ற பட்டியலில், 'சிறையிலிருந்து விடுதலையாகி, குடும்ப ஆதரவு இல்லாத பெண்கள்' என்று பச்சையாகவே எழுதியிருந்தார்கள். பிறகு அது 'ஸ்வாதார் கிரே' ஆகி, 2022-லிருந்து 'சக்தி சதன்' என்ற பெயரில் நடக்கிறது. சாப்பாடு, துணிமணி, வைத்தியம், தொழிற்பயிற்சி எல்லாம் உண்டு. கையில் ஒன்றுமில்லாமல் வெளியே வருகிறவளுக்கு முதல் சில மாதங்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனாலும் ஹாஸ்டல் ஹாஸ்டல்தான். பெரிய ஆண்பிள்ளை இருந்தால் உடன் வைத்துக்கொள்ள முடியாது. நமக்கு இஷ்டமானபோது ஒரு ரசம் வைத்துக் குடிக்க முடியாது.

இந்தப் பெண் இரண்டு மாதம் அப்படி ஒரு இல்லத்தில் இருந்தாள். "குறை ஒண்ணும் சொல்ல மாட்டேன்க்கா. ஆனா அங்கேயும் மணி அடிச்சாத்தான் சோறு" என்றாள்.

அவசரத்துக்கு எங்கே கேட்பது என்று வாசகியர் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பெண்கள் உதவிக்கு 181. சட்ட உதவிக்கு 15100. கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 1987-ம் வருஷச் சட்டம் அது. வீட்டு வேலைக்கு வருகிறவர்களிடம், பூ, காய் கொண்டு வருகிறவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

வெளிநாட்டிலும் இந்தக் கதைதான். அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாநிலத்தில் 2021-ல் ஒரு சட்டம் போட்டார்கள். முதலில் மற்ற எல்லாத் தகுதியையும் பார்த்து வீடு தருவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான், பெரும்பாலும், பழைய குற்றத்தைப் பற்றிக் கேட்கலாம். பிரிட்டனில் 1974-ல் போட்ட சட்டப்படி, சிறிய தண்டனைகள் குறிப்பிட்ட வருஷம் கழிந்தால் தீர்ந்துபோனதாகக் கணக்கு. பெரிய தேசங்களை விடுங்கள், நம் ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் பக்கம் சங்கானேரில் ஒரு திறந்தவெளிச் சிறை இருக்கிறது. கைதி பெண்டாட்டி பிள்ளைகளோடு அங்கேயே சின்ன வீட்டில் குடியிருந்து, பகலில் ஊருக்குள் வேலைக்குப் போய் வரலாம். விடுதலை ஆன பிறகும் அந்த வீட்டைக் காலி செய்ய மனசில்லாமல் தங்கிவிடப் பார்த்தவர்கள் உண்டு என்று பத்திரிகைகளில் வந்தது. வெளியே வீடு கிடைக்கும் என்றால் ஜெயில் வீட்டை யாராவது கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்களா?

பொன்மலைப்பட்டியில்

ஸ்ரீரங்கத்தையும் திருவானைக்கோவிலையும் விட்டுவிட்டு, காவிரிக்கு அந்தப் பக்கம் தேடலாம் என்று தீர்மானித்தோம். பொன்மலைப்பட்டியில் ஒரு பாட்டியம்மா. கணவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ரிடையர் ஆகிக் காலமானவர். வீட்டின் பக்கவாட்டில் ஒரு ரூம், ஒரு சமையல் மேடை, பொதுக் குழாய்.

உட்கார்ந்ததும், நான் வாயைத் திறப்பதற்குள் இவளே சொல்லிவிட்டாள். "அம்மா, நான் ஜெயில்ல இருந்துட்டு வந்தவ. அப்புறமா தெரிஞ்சு நீங்க அனுப்பறதுக்கு இப்பவே சொல்லிடறேன்."

பாட்டியம்மா கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டார். "என்ன பண்ணினே?"

இவள் சொன்னாள். முழுசாக, மூச்சு விடாமல், கொழுந்தன் எப்படி விழுந்தார் என்பது வரைக்கும். நான் அன்றுதான் அதை முழுசாகக் கேட்டேன்.

"குடிக்கறது, யாரையாவது கூட்டியாறது உண்டா?"

"இல்லம்மா."

"ராத்திரி எட்டு மணி மாத்திரையை மறந்து மறந்து போயிடறேன். ஞாபகப்படுத்துவியா?"

வாடகை 2,500, மூன்று மாத அட்வான்ஸ். பெங்களூரில் இருக்கும் பிள்ளைக்குத் தெரிந்து போனில் சண்டை. "வீடு என் பேர்ல இருக்குடா" என்று சொல்லிவிட்டாராம் பாட்டியம்மா. பெண்கள் பேரில் வீடு இருப்பதில் இப்படியும் ஒரு லாபம்!

வாய்ப் பேச்சாக விடாமல் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளச் சொன்னேன். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஆதாரில் விலாசம் மாற்றினாள். ரேஷன் கார்டுக்கு எழுதிப் போட்டாள். அதே காகிதத்தின் நகலைக் குழந்தைகள் நலக் குழுவிடம் கொடுத்தாள்.

ஒரு மாதம் கழித்து வீட்டைப் பார்க்க வந்தார்கள். நானும் போயிருந்தேன். வந்த அம்மாள் சமையல் மேடையைப் பார்த்தார், கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார், குளியலறை எங்கே என்று கேட்டார். குழந்தை எங்கே தூங்கும் என்றதற்கு ஜன்னலோரம் போட்டிருந்த கயிற்றுக் கட்டிலைக் காட்டினாள். தலையணை உறையில் முயல்குட்டி. கடையில் மிஞ்சிய துண்டுத் துணிகளில் தைத்தது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் யார் இருப்பார்கள் என்று கேட்டபோது, உள்ளேயிருந்து பாட்டியம்மா, "நான் எங்கே போகப் போறேன்?" என்று குரல் கொடுத்தார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் உத்தரவு வந்தது. குழந்தைக்கு இப்போது ஒன்பதரை வயது, பொன்மலையில் ஐந்தாம் வகுப்பு. முதல் வாரம் முழுக்க ராத்திரி விளக்கை அணைக்க விடவில்லையாம். காப்பகத்திலும் அதற்கு முன்பு சிறையிலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், இருட்டில் தூங்கிப் பழக்கம் இல்லை. கரண்டு பில்லைப் பற்றிப் பாட்டியம்மா ஒன்றும் சொல்லவில்லை.

ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்குத்தான். சித்திரையில் போட்டது, பங்குனியில் முடிகிறது. பாட்டியம்மாவின் பிள்ளை அந்தச் சமயத்தில் ஊருக்கு வரப் போவதாகச் சொல்லியிருக்கிறாராம்.